நடவு வேலையும் என் இடுப்பு வலியும்
ஒரு வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள் மருத்துவர்கள். மன்னார்குடிப் பக்கம் நடவு வேலைக்குப் போகும் எனக்கு இடுப்பு வலி வருடக்கணக்கில் இருக்கிறது. முழுதாகப் போகவில்லை. ஆனால் இப்போது வேலை செய்ய முடிகிறது, ராத்திரி தூங்க முடிகிறது.

எனக்கு அதிகம் உதவியது, வலி வருவதற்கு முன்பே நிமிர்வதுதான். வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தால் மறுநாள் பாயைவிட்டு எழ முடியாது. அதனால் ஒரு முடி (கட்டு) நாற்று தீர்ந்ததும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிர்ந்துவிடுவேன். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, மெதுவாகப் பின்பக்கம் சாய்வேன். வரிசையில் நான் மட்டும் பின்தங்குவேனே என்று தயங்கிக்கொண்டே சொன்னபோது, “நில்லு தாயி, நாங்களும் நிமிர்ந்துக்கறோம்” என்றார் சின்னம்மா. அந்த வார்த்தை எந்த மருந்துக்கும் குறைந்ததில்லை.

நடவு இல்லாத மாதங்களிலும் காலையில் வாய்க்கால் கரையோரம் நடக்கிறேன். படுத்தே கிடந்தால் இடுப்பு இன்னும் இறுகுகிறது.

டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கித் தினமும் போடாதீர்கள். வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். அப்புறம், காலில் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.