ஃபுளூரைடை உணரும் மூலக்கூறும் அதைத் தாங்கும் ஜெல்லும்: வடிவமைக்கும் முறை

குறித்த ஓர் அயனியைக் கண்டால் ஒளியாலோ நிறத்தாலோ காட்டும் மூலக்கூறான வேதியுணரி ஒன்றை உருவாக்கத் தொடங்கும் மாணவர்களில் பலர் முதலில் மூலக்கூறை வரைந்து, தொகுத்து, அதன் பிறகே அது எந்த அயனியோடு வினைபுரிகிறது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்தை நிரப்ப இந்த வரிசை போதும். தண்ணீரைச் சோதிக்கும் பொருளைச் செய்ய இது போதாது. எந்த ஊடகத்தில், எந்தச் செறிவில், எவற்றின் நடுவே அந்த அயனி இருக்கப் போகிறது என்பதை எண்களாக எழுதி வைத்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி வடிவமைப்பதே சரியான வழி. இக்கட்டுரை ஃபுளூரைடை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வழியை விளக்குகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பது நெடுநாளாக அறியப்பட்ட சிக்கல் என்பதால், எடுத்துக்காட்டு நமக்கு அந்நியமானதும் அல்ல.

இந்தியக் குடிநீர்த் தரநிலை லிட்டருக்கு 1.0 மி.கி. ஃபுளூரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மி.கி.யை உச்ச அளவாகவும் வைத்திருக்கிறது. ஃபுளூரைடின் அயனி நிறை 19 என்பதால் 1.5 மி.கி. என்பது ஏறத்தாழ 0.079 மில்லிமோலார். இந்த எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பின்வரும் முடிவுகள் பலவும் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

பிடிப்பதா, வினைபுரிவதா

உணரி மூலக்கூறின் பொதுவான கட்டமைப்பு எளிது: ஒளிரும் பகுதி ஒன்று, அயனியை ஏற்கும் பகுதி ஒன்று, இரண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு கார்பன் நீளமுள்ள இணைப்பு. ஏற்பியிலுள்ள நைட்ரஜனின் தனி எலக்ட்ரான் இணை, கிளர்வுற்ற ஒளிர்பகுதிக்குத் தாவி ஒளியை அணைக்கிறது. அயனி வந்து அந்த இணையைப் பற்றிக்கொண்டால் தாவல் நின்று ஒளி திரும்புகிறது. இலங்கையில் பிறந்து கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பயின்ற பிரசன்ன டி சில்வா, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்த அமைப்பை வளர்த்தெடுத்து, 1993இல் மூலக்கூறு அளவிலான தர்க்க வாயில் (உள்ளீடுகளுக்கு ஏற்ப ஆம்/இல்லை என விடை தரும் அமைப்பு) வரை கொண்டுசென்றார். இரத்தத்தின் சோடியம் அளவைக் காணும் மருத்துவக் கருவிகளிலும் இதே கொள்கை பயன்படுகிறது. உலோக அயனிகளுக்கு இன்றும் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் நைட்ரஜனைப் புரோட்டானும் பற்றும் என்பதால், பிஹெச்சை மாறாமல் வைத்திருக்கும் தாங்கல் கரைசல் இல்லாமல் எடுத்த எந்த அளவீட்டையும் நம்ப வேண்டாம்.

ஃபுளூரைடுக்கு இந்த வழியை அப்படியே பின்பற்றுவதில் பெரிய தடை உண்டு. ஹாலைடு அயனிகளிலேயே தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை மிக இறுக்கமாகப் பிடித்திருப்பது இதுதான். யூரியா, அமைடு ஆகியவற்றின் என்-ஹெச் தொகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இதைப் பிடிக்கும் என்று காட்டும் ஆய்வுகள் ஏராளம்; அவற்றில் பெரும்பாலானவை அசெட்டோநைட்ரைல், டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) போன்ற கரிமக் கரைப்பான்களில், டெட்ராபியூட்டைல் அம்மோனியம் ஃபுளூரைடைச் சேர்த்துச் செய்யப்பட்டவை. அதில் ஐந்து சதவீதம் தண்ணீரைச் சேர்த்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பல உணரிகள் அங்கேயே ஓய்ந்துவிடும். மேலும், அந்தக் கரைப்பான்களில் ஃபுளூரைடு ஒரு வலிய காரம். யூரியாவைப் பிடிப்பதற்குப் பதிலாக அதன் புரோட்டானையே அது பறித்துவிடலாம் என்பதை இத்தாலியின் பாவியாவில் ஃபப்ரிட்ஸியின் குழு 2004இல் தெளிவாகக் காட்டியது. மஞ்சள் கரைசல் சிவப்பாக மாறியதும் மகிழ்ந்துவிடாமல், ஃபுளூரைடுக்குப் பதில் சிறிது ஹைட்ராக்சைடைச் சேர்த்து நிறமாலையை எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நீங்கள் செய்திருப்பது ஃபுளூரைடு உணரி அல்ல, கார உணரி. டிஎம்எஸ்ஓவில் எடுத்த புரோட்டான் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் 16 பிபிஎம் அருகே புதிய குறி எழுந்தால், பறித்த புரோட்டானோடு பைஃபுளூரைடு (HF₂⁻) உருவாகிவிட்டது என்று பொருள்.

ஆகவே நீரில் பிடிப்பதை விட்டு, வினைபுரிவதைத் தேர்ந்தெடுக்கிறோம். சிலிக்கனுக்கும் ஃபுளூரினுக்கும் இடையிலான பிணைப்பு மிக வலியது. ஃபீனாலின் ஆக்சிஜனில் சிலிக்கன் தொகுதியை மூடியாக இணைத்த சிலைல் ஈதரை ஃபுளூரைடு வெட்டினால் ஃபீனால் விடுபடும். அந்த ஃபீனால் ஒளிரும் பொருளாக இருந்தால் உணரி தயார். 4-மெத்தில்அம்பெல்லிஃபெரோன் இதற்கு ஏற்றது: விலை குறைவு, அதன் ஃபீனால் புரோட்டான் நீங்கிய அயனி 360 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சி 450 நானோமீட்டர் அருகே நீலமாக ஒளிர்கிறது. சிலைல் தொகுதி மூடியிருக்கும்போது உறிஞ்சல் 320 பக்கம் நகர்ந்துவிடுவதால், 365 நானோமீட்டர் கைவிளக்கு அதைக் கிளர்த்துவதே இல்லை.

தொகுப்பும் ஒரு நாள் வேலைதான். டைமெத்தில்ஃபார்மமைடில் இமிடசோலுடன் டெர்ட்-பியூட்டைல்டைமெத்தில்சிலைல் குளோரைடைச் சேர்த்து அறை வெப்பநிலையில் கலக்கினால் போதும், என்.எம்.ஆரில் 0.2 பிபிஎம் அருகே ஆறு புரோட்டான்களும் 1.0 அருகே ஒன்பது புரோட்டான்களும் தெரிந்தால் தொகுதி இணைந்துவிட்டது. ஆனால் தூய்மையில் கண்டிப்பு வேண்டும். வினைபுரியாத அம்பெல்லிஃபெரோன் ஒரு சதவீதம் எஞ்சியிருந்தாலும் வெற்றுக் கரைசலே (ஃபுளூரைடு சேர்க்காதது) நீலமாக ஒளிரும், என்.எம்.ஆரில் எளிதில் தவறிவிடக்கூடிய இந்த அளவு கைவிளக்கில் பளிச்சென்று தெரியும். எனவே மறுபடிகமாக்கிய ஒவ்வொரு முறையும், ஒரு துளிக் காரம் சேர்த்த நீர்க்கரைசலை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

சிலைல் தொகுதியின் பருமனும் ஒரு தேர்வு. ட்ரைமெத்தில்சிலைல் தண்ணீரிலேயே உதிர்ந்துவிடும். ட்ரைஐசோப்ரோப்பைல்சிலைல் நன்றாகத் தாங்கும், ஆனால் ஃபுளூரைடுக்கும் அதே அளவு மெதுவாகவே வழிவிடும். நடுவிலுள்ள டெர்ட்-பியூட்டைல்டைமெத்திலில் தொடங்கி, வெற்றுக் கரைசல் எவ்வளவு நேரத்தில் தானாக ஒளிரத் தொடங்குகிறது என்பதை அளந்து, தேவைப்பட்டால் பருமனைக் கூட்டலாம்.

மற்றொரு சிக்கல் பிஹெச். விடுபட்ட ஃபீனாலின் பிகேஏ (அதில் பாதி புரோட்டானை இழக்கும் பிஹெச்) சுமார் 7.8 என்பதால் முழு ஒளிர்வுக்கு 9ஐ ஒட்டிய பிஹெச் வேண்டும்; ஆனால் அங்கே ஹைட்ராக்சைடும் சிலைல் தொகுதியை வெட்டத் தொடங்கும். வினையை நடுநிலையில் நடத்தி, குறித்த நேரம் முடிந்ததும் காரத் தாங்கல் கரைசலைச் சேர்த்து உடனே அளப்பது இதற்கான எளிய தீர்வு. நீரில் இந்த வினை மெதுவானது. நேர்மின் சுமையுள்ள மைசெல்கள் (சோப்பு போன்ற மூலக்கூறுகளின் நுண்திரள்கள்) உணரியைத் தம்முள் கரைத்து, எதிர்மின் அயனியைத் தம் மேற்பரப்புக்கு இழுத்து வேகத்தைக் கூட்டும். செட்டைல்ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு ஒரு மில்லிமோலாருக்கு மேல் மைசெல்களாகத் திரள்வதால், அதைச் சற்று மிகுதியாகச் சேர்த்துப் பார்க்கலாம்.

ஜெல்லை எங்கே வைப்பது

ஜெல் என்றதும் ஃபுளூரைடு பட்டவுடன் குழைந்து ஓடும் பொருள் ஒன்றைப் பலரும் மனத்தில் காண்கிறார்கள். யூரியா ஜெல்களில் இது உண்மையாகவே நிகழ்கிறது: இழைகளைக் கட்டியிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை எதிர்மின் அயனி கைப்பற்றுகிறது, இழை அவிழ்கிறது, ஜெல் நீர்மமாகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். மூலக்கூறு நிறை 500 உள்ள ஜெல்லாக்கியை (இழைகளாகச் சேர்ந்து நீரை ஜெல்லாக்கும் சேர்மத்தை) 0.5 சதவீதம் சேர்த்தால் அதன் செறிவு 10 மில்லிமோலார். குடிநீரின் உச்ச வரம்பில் ஃபுளூரைடு 0.079. ஏறத்தாழ நூற்றிருபத்தேழு ஜெல்லாக்கி மூலக்கூறுகளுக்கு ஓர் அயனி என்ற விகிதத்தில் ஜெல் அவிழும் என்று எதிர்பார்க்க இயலாது. ஜெல் குலைவதைக் கண்ணால் காண்பது செறிவான கரைசல்களுக்கு உரிய உத்தி. சிற்றளவுக்கு ஒளிர்வே வேண்டும், ஜெல் அதைத் தாங்கும் மென்மையான பட்டையாக இருந்தால் போதும்.

இன்னொரு முரணும் உண்டு. உணரி தனித்தனி மூலக்கூறாக நிற்க விரும்புவது. ஜெல்லாக்கி அடுக்கடுக்காகச் சேர விரும்புவது. தட்டையான ஒளிர்பகுதிகள் நெருங்கி அடுக்கினால் பெரும்பாலும் ஒளி மங்கும். 2001இல் பென் சோங் டாங்கின் குழு அறிவித்த, திரளும்போது ஒளிரும் சேர்மங்களைப் பயன்படுத்துவது ஒரு வழி. என் பரிந்துரை வேறு: இரண்டு வேலைகளையும் ஒரே மூலக்கூறின் தலையில் கட்டாமல், நூறு பங்கு ஜெல்லாக்கியோடு ஒரு பங்கு உணரியைக் கலந்து வையுங்கள். 10 மில்லிமோலாரில் நூற்றில் ஒன்று 0.1 மில்லிமோலார், அளக்க வேண்டிய ஃபுளூரைடின் அளவோடு அது பொருந்துகிறது, ஒளிர்பகுதிகளும் இழையில் ஒன்றையொன்று நெருங்குவதில்லை. உணரி நீரில் கசிந்து வெளியேறாமல் இருக்க, ஜெல்லாக்கியின் நறுமண வளையத்தை ஒத்த ஒரு கையை அம்பெல்லிஃபெரோனின் நான்காம் இடத்தில் இணைக்கலாம். இணைத்த பின் அது இழையில் தங்குகிறதா என்பதை, ஜெல்லைச் சுற்றியுள்ள நீரை எடுத்துக் காரம் சேர்த்து ஒளிர்கிறதா என்று பார்த்து உறுதிசெய்யுங்கள்.

ஜெல்லாக்கியின் தேர்விலும் அயனியே முன்நிற்க வேண்டும். பெப்டைடு வகை ஜெல்லாக்கிகள் பல அமிலத்தாலோ கால்சியத்தாலோ உறைபவை. கால்சியம் இங்கே பொருந்தாது: கால்சியம் ஃபுளூரைடின் கரைதிறன் பெருக்கம் 10இன் −11ஆம் அடுக்கு அளவிலேயே இருப்பதால், 10 மில்லிமோலார் கால்சியம் உள்ள ஜெல்லில் நாம் தேடும் ஃபுளூரைடே வீழ்படிவாகத் தொடங்கிவிடும். அமிலத்தால் உறைபவை அளவிடும்போது நாம் சேர்க்கும் காரத்தில் கரையக்கூடும். எனவே மின்சுமையற்ற ஜெல்லாக்கி வேண்டும். டைபென்சிலிடீன் சார்பிட்டால் என்னும் சேர்மம் 1891இலேயே அறியப்பட்டது; அதன் ஹைட்ரசைடு வழிப்பொருள், யார்க் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்மித்தின் குழு உருவாக்கியது, அகன்ற பிஹெச் எல்லையில் நீரை உறையச்செய்கிறது. அதன் இறுதிப் படியில் பயன்படும் ஹைட்ரசீன் ஹைட்ரேட் நச்சுத்தன்மை மிக்கது. புகை உறிஞ்சும் பெட்டிக்கு வெளியே அதைத் திறக்கக் கூடாது, எஞ்சியதை முழுமையாகக் கழுவி நீக்க வேண்டும்.

உறைய வைத்துச் சோதிப்பது

சிறு கண்ணாடிக் குப்பியில் 4 மி.கி. ஜெல்லாக்கிக்கு ஒரு மி.லி. நீர் விட்டு, மூடி, முழுதும் தெளியும் வரை சூடாக்குங்கள். தெளிந்த கரைசல் சற்று ஆறி, இன்னும் உறையாமல் இருக்கும்போது, மிகக் குறைந்த டிஎம்எஸ்ஓவில் கரைத்த உணரியைச் சேர்த்து ஒருமுறை சுழற்றி, அசையாமல் விட்டுவிட வேண்டும். கொதிநிலையில் சேர்த்தால் சிலைல் தொகுதி பழுதாகும். தாமதித்தால் உணரி கட்டிகட்டியாகப் பிரியும். குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து, வழியாமல் நிற்கிறதா என்று பார்ப்பது முதற்சோதனை மட்டுமே. பிசுபிசுப்பான நீர்மமும் சிறிது நேரம் நிற்கும்; நுண்படிகக் குழம்பும் நிற்கும். பாய்வியல்பை அளக்கும் சுழற்சிமானியில் மீட்சிக் கூறு (திண்மம் போன்ற தன்மை) இழப்புக் கூறைவிடப் (நீர்மம் போன்ற தன்மை) பத்து மடங்கு அளவில் உயர்ந்து, அதிர்வெண்ணோடு பெரிதாக மாறாமல் இருந்தால்தான் அதை ஜெல் என்று எழுதலாம். உலர்த்திய ஜெல்லின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் அழகாக இருக்கும். உலரும்போதே இழைகள் ஒட்டித் தடிக்கும் என்பதால் அவற்றிலிருந்து விட்டத்தை அளந்து முடிவு சொல்வதை நான் ஏற்பதில்லை.

ஜெல் உறையாமல் வீழ்படிவானால் மூலக்கூறு தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கரைதலுக்கும் படிகமாதலுக்கும் நடுவிலுள்ள குறுகிய இடத்தில்தான் ஜெல் உருவாகிறது; ஆறும் வேகத்தை மாற்றினாலே சில நேரம் அந்த இடம் கிடைத்துவிடும்.

அளவீடு

221 மி.கி. உலர்ந்த சோடியம் ஃபுளூரைடை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மி.கி. ஃபுளூரைடு உள்ள மூலக்கரைசல் கிடைக்கும். அதிலிருந்து 0 முதல் 3 மி.கி. வரை நீர்த்துக்கொள்ளலாம். இவற்றைக் கண்ணாடியில் அல்லாமல் பாலித்தீன் புட்டிகளில் வையுங்கள். உணரியின் கரைசலில் அளக்கும்போது கிளர்த்தும் அலைநீளத்தில் உறிஞ்சல் 0.1க்குக் கீழ் இருக்கட்டும். மேலே போனால் கரைசல் தன் ஒளியைத் தானே விழுங்கி, செறிவுக்கு எதிராக ஒளிர்வை வரைந்த நேர்கோட்டை வளைத்துவிடும். வெற்றுக் கரைசலைப் பத்து முறை அளந்து, அதன் திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கைக் கோட்டின் சாய்வால் வகுத்தால் கண்டறியும் வரம்பு கிடைக்கும். வினைவழி உணரிக்குப் பிணைப்பு மாறிலி என்று ஒன்று பொருந்தாது. அதற்கு வேண்டியது நேரத்தோடு ஒளிர்வு ஏறும் வளைவு. பிடிக்கும் வகை உணரி செய்பவர்கள் மாறிலியை பெனசி–ஹில்டிபிராண்ட் நேர்கோட்டிலிருந்து எடுக்காமல், வளைவை நேரடியாகப் பொருத்திப் பெறுவது நல்லது. நேர்கோட்டாக்கம் பிழைகளைச் சமமின்றிப் பெருக்குகிறது.

குறுக்கீட்டுச் சோதனையில் வழக்கமான அயனிப் பட்டியலைவிட உங்கள் கிணற்று நீரின் பகுப்பாய்வு அறிக்கையே வழிகாட்டி. பைகார்பனேட்டு பிஹெச்சை நகர்த்தும். அலுமினியம் ஃபுளூரைடைத் தன்னோடு கட்டிக்கொண்டு குறைத்துக் காட்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் லந்தானம் ஃபுளூரைடு மின்முனையில் ஒப்பீட்டு அளவு எடுங்கள். அந்த மின்முனை 1966 முதல் நம்பகமாக வேலை செய்கிறது. ஆய்வகத்தில் அதை வெல்ல இந்த ஜெல் பட்டை முயல வேண்டியதில்லை, கிணற்றடியில் கைவிளக்கோடு 1.5 மி.கி.க்கு மேலா கீழா என்று சொன்னால் போதும்.

சேமிப்பில் பட்டைகள் உலர்வதும், நாளடைவில் நீரைக் கக்கிச் சுருங்குவதும் இயல்பு. மூடிய உறையில், ஈரப்பஞ்சு ஒன்றோடு, ஒளி படாமல் வையுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு பட்டையைத் தூய நீரில் நனைத்து, காரம் சேர்த்து, விளக்கில் பாருங்கள்; வெற்றுப் பட்டை 0.5 மி.கி. தரக்கரைசலில் நனைத்த புதிய பட்டையின் அளவுக்கு ஒளிரத் தொடங்கினால் அதோடு சேர்த்துத் தயாரித்த பட்டைகள் முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும்.