சுவர் ஓவன் பேனலில் நீராவி புகுந்தால்

பட்டன் தானாக அழுந்துவது, தொட்டால் வேலை செய்யாதது, ஓயாத பீப் ஒலி: பேனலுக்குள் ஈரம் சேர்ந்ததன் அறிகுறிகள் இவை. முதலில் ஓவனுக்கான எம்சிபியை (மின்பெட்டியில் உள்ள தானியங்கி சுவிட்ச்) அணையுங்கள். கதவைத் திறந்துவைத்து, மின்விசிறிக் காற்றில் 24 மணி நேரம் உலரவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். சூடு டச் பேனலின் மேலுறையை உப்பச் செய்யும்.

உலர்ந்து சரியானாலும் காரணத்தைத் தேடுங்கள், இல்லையேல் திரும்ப வரும். கதவு ரப்பர் கேஸ்கெட்டில் கிழிசலோ தொய்வோ இருந்தால் நீராவி நேராக மேலே ஏறும். ஓவனுக்குள் பேனல் பகுதியைக் குளிர்விக்கும் கூலிங் ஃபேன் சுழல்கிறதா பாருங்கள். சமைத்து முடித்ததும் மெயினை அணைக்கும் பழக்கம் கெடுதல், ஃபேனும் உடனே நின்றுவிடும். ஃபேன் தானாக நிற்கும்வரை விடுங்கள்.

உலர்ந்தபின்னும் கோளாறு நீடித்தால், பேனலை உள்ளே இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிள் முனையில் பச்சைப் படிவு இருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் டெக்னீஷியன் துடைக்கட்டும்.