57-ஆல் வகுத்த வரி

பாம்பன் படகுகள் போகும் தூரத்தைக் காட்டும் செயலி ஒன்று பராமரிப்புக்காக என்னிடம் வந்தது. முன்பு பார்த்தவர், பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிடும் ஹேவர்சைன் சூத்திரத்தை எங்கிருந்தோ எடுத்து ஜாவாஸ்கிரிப்டில் ஒட்டியிருந்தார். கடைசி வரியில் 57-ஆல் ஒரு வகுத்தல். ஏன் என்று ஒரு குறிப்பும் இல்லை.

பாம்பன் – தனுஷ்கோடி சுமார் 26 கி.மீ. என்று ஒழுங்காகத்தான் காட்டியது. நாகப்பட்டினம் படகுகளைச் சேர்த்ததும் வந்தது வினை: நேர் கிழக்கே போன படகுக்குக் கால்வாசித் தூரம்கூடக் காட்டவில்லை.

57-ஐ எடுத்துவிட்டு ஓட்டினேன். தனுஷ்கோடி கிட்டத்தட்ட 1,500 கி.மீ. தள்ளிப் போய்விட்டது! அங்கேதான் பிடி கிடைத்தது. சைன், காஸ் செயல்பாடுகள் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும்; மனிதர் டிகிரியை அப்படியே கொடுத்திருக்கிறார். ஒரு ரேடியன் என்பது சுமார் 57.3 டிகிரி. விடையைப் பார்த்துத்தான் அந்த வகுத்தலைப் பொருத்தியிருப்பார் போல. பாம்பனின் அட்சரேகை 9.28 டிகிரி; அந்த எண்ணை ரேடியனாக எடுத்தாலும் அது 3 பை, அதாவது 9.42-க்குப் பக்கத்தில் இருப்பதால் காஸ் மதிப்பு அளவில் ஏறக்குறைய சரியாக விழுந்துவிட்டது. குறி மட்டும் மாறும்; சூத்திரத்தில் இரண்டு காஸ்களைப் பெருக்குவதால் அதுவும் மறைந்துபோகும். நாகையின் 10.77-க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

சரி, எல்லாக் கோணங்களையும் முதலிலேயே பை/180-ஆல் பெருக்கிவிட்டு, வகுத்தலைத் தூக்கினேன். அப்புறம் ஒரே தீர்க்கரேகையில் ஒரு டிகிரி தள்ளி இரண்டு புள்ளிகள் கொடுத்தேன். வர வேண்டிய 111 கி.மீ. சரியாக வந்தது.