பழைய கணினியில் விண்டோஸ் 11: ஒரு ஃபைல்கூடத் தொலையாமல் மாறுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. கணினி தொடர்ந்து ஓடும்தான். ஆனால் பாதுகாப்பு அப்டேட் வராத கணினியில் பேங்க் வேலை பார்ப்பது நல்லதல்ல. மாறிவிடுங்கள்.

முதலில் மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் 'பிசி ஹெல்த் செக்' ஆப்பை ஓட்டிப் பாருங்கள். 64-பிட் பிராசசர், 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி ஆகியவை வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். பல கணினிகளில் அது இருந்தும் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில், அணைந்து கிடக்கும். இன்டெல்லில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். பயாஸில் கை வைக்கும் முன், டிஸ்க்கைப் பூட்டிப் பாதுகாக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கீ இல்லாமல் டிஸ்க் பூட்டிக்கொண்டால் உங்கள் ஃபைல்களை நீங்களே திறக்க முடியாது.

அடுத்தது பேக்கப். அவசரமே வேண்டாம், ஒரு மாலை முழுக்க ஆனாலும் ஆகட்டும். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் பொதுவாக அதற்குள்தான் இருக்கும். அவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். டி டிரைவில் வைத்திருப்பதையும் மறக்காதீர்கள். ஒன்டிரைவில் மேகக் குறியோடு தெரியும் ஃபைல் உங்கள் டிஸ்க்கில் இல்லை. ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள்.

காப்பி முடிந்ததும் அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் டெஸ்க்டாப்பில் இருந்த 'குடும்பப் படங்கள்' ஐகானை அப்படியே காப்பி செய்துவிட்டு நிம்மதியாக இருந்தார். பார்த்தால் அது வெறும் ஷார்ட்கட், ஒன்றிரண்டு கேபிதான்! நல்லவேளை, இன்னும் எதையும் அழித்திருக்கவில்லை.

சரி, இனி ஏற்றலாம். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகுங்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே விண்டோஸ் 11 காட்டினால் அதுவே எளிது. விண்டோஸ் 11 செட்டப் உள்ள பென் டிரைவ் வழியாகச் செய்தால், விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவைத் திறந்து 'செட்டப்'பை இயக்குங்கள். 'கீப் பர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்' தேர்வாகி இருக்க வேண்டும். 'நத்திங்' என்பதைத் தொடவே கூடாது. கணினியைப் பென் டிரைவிலிருந்தே தொடங்கினால் (பூட் செய்தால்) ஃபைல்களை வைத்துக்கொள்ளும் தேர்வு கிடைக்காது. நடுவில் பலமுறை ரீஸ்டார்ட் ஆகும், காத்திருங்கள்.

அப்புறம் பிரின்டர், வைஃபை, ஒலி எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி போய் 'கோ பேக்' கொடுத்து பழையதற்குத் திரும்பலாம். அதுவரை, பழைய விண்டோஸ் இருக்கும் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டர் இடத்தை அடைக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள். அது போனால் திரும்பும் வழியும் போய்விடும்.