லடாக்கில் மகன், கோபியில் நாங்கள்

ராணுவத்தில் இருக்கும் மகன் லடாக்கின் லே நகரத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அழைப்பே வரவில்லை. அவன் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஓய்வுபெற்ற சுபேதார் அண்ணன்தான் முடிச்சை அவிழ்த்தார்: "அம்மிணி, நம் ஊர் பிரீபெய்டு சிம் அங்கே எடுக்காது. போஸ்ட்பெய்டு வேண்டும்." அதேதான் காரணம். நண்பன் போனில் பேசிய மகன், அங்கேயே புது இணைப்பு வாங்கிக்கொண்டான்.

மலை முகாமுக்குப் போனால் அதற்கும் சிக்னல் கிடையாது. அப்போது கடிதம்தான் கைகொடுக்கிறது. படை எண், பதவி, பெயர், யூனிட், 9-இல் தொடங்கும் யூனிட்டின் பின்கோடு, '56 ஏ.பி.ஓ.' (ராணுவத் தபால் நிலையம்) என்று எழுதினால் போதும். ஊர் பெயரை எழுதவே கூடாது. மிச்சத்தை ராணுவத் தபால் பிரிவு பார்த்துக்கொள்ளும். அவன் அப்பா தோட்டத்து மஞ்சள் விலையை எழுதுவார், நான் எருமை கன்று போட்டதை எழுதுவேன். எழுதி முடித்த அன்று இருவரும் நன்றாகத் தூங்குகிறோம்.

எல்லையைப் பற்றி இரவெல்லாம் கத்தும் செய்திச் சேனல்களை அடியோடு நிறுத்திவிட்டோம். பெற்றவர்களுக்கு அதைவிடப் பெரிய கொடுமை இல்லை.

பார்சலுக்குக் கச்சாயம் என்ற வெல்லப் பலகாரம் வேண்டாம், வழியில் கெட்டுப்போகும். எள்ளுருண்டையும் கொள்ளுப்பொடியும் தாங்கும்.