குழந்தையின் கழுத்து ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தால் என்ன செய்வது?

பிறந்து சில வாரமே ஆன குழந்தை எப்போது பார்த்தாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பியே வைத்திருக்கிறதா? 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று யார் சொன்னாலும் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இதற்கு டார்டிகோலிஸ் என்று பெயர். சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பயிற்சியிலேயே சரியாகிவிடும், தள்ளிப்போடப்போடத்தான் மாதக்கணக்கில் இழுக்கும்.

காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்குகிற தசை ஒன்று கழுத்தின் இரண்டு பக்கமும் இருக்கிறது. அதில் ஒன்று இறுகிக் குட்டையாகிவிட்டால், வலது தசை என்று வையுங்கள், தலை வலது தோளை நோக்கிச் சாயும், தாடை இடது பக்கம் திரும்பும். அம்மா வயிற்றுக்குள் இடம் நெருக்கமாக இருந்தது, அங்கே தலை கீழே திரும்பாமல் மேலேயே இருந்த நிலை, சிரமமான பிரசவம், இவையெல்லாம் காரணமாகலாம். அம்மா தூக்கிய விதத்தால் வந்தது என்று யாராவது பழி போட்டால் காதில் வாங்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அந்தத் தசையில் சின்ன உருண்டை மாதிரி தட்டுப்படும். பெரும்பாலும் அது புற்றுநோய்க் கட்டி இல்லை, சில மாதத்தில் தானே கரைந்துவிடும், ஆனாலும் மருத்துவர் கை வைத்துப் பார்த்து உறுதி செய்யட்டும். கூடவே இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், இந்தக் குழந்தைகளில் சிலருக்கு அங்கேயும் கோளாறு இருப்பதுண்டு.

அப்புறம் வீட்டு வேலை. கழுத்தை நீட்டிவிடும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் செய்துகாட்டி, அவர் கண்முன் நீங்களும் ஒருமுறை செய்துபார்த்த பிறகுதான் வீட்டில் தொடங்க வேண்டும். குழந்தை அழுது எதிர்த்தால் நிறுத்திவிடுங்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று வருகிறவர் கையில் மட்டும் அந்தக் கழுத்தைக் கொடுக்கவே கூடாது.

என்னைக் கேட்டால், பயிற்சி நேரத்தைவிட மீதி நாள் முழுக்கக் குழந்தையை எப்படிக் கிடத்துகிறோம், தூக்குகிறோம் என்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பக் கஷ்டப்படுகிறதோ அந்தப் பக்கம் வெளிச்சமும் உங்கள் முகமும் குரலும் வருகிற மாதிரி படுக்க வையுங்கள், தேவைப்பட்டால் தலை வைக்கும் திசையையே மாற்றுங்கள். பால் கொடுக்கும்போதும் அந்தப் பக்கம் திரும்பிக் குடிக்கிற மாதிரி பிடியுங்கள். தூக்கும்போது, வலது தசை இறுகியிருந்தால், குழந்தையின் முதுகு உங்கள் நெஞ்சில் படும்படி வலது பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, உங்கள் வலது முன்கையை அதன் வலது காதுக்கும் தோளுக்கும் நடுவில் கொடுத்து, இடது கையால் கால்களுக்கு இடையே உடலைத் தாங்குங்கள், தலை மெல்ல மேலே எழும்பி அந்தத் தசை தானாக நீளும். இதையும் முதலில் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுப் பழகுவது நல்லது.

விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, கொஞ்சம் கொஞ்சமாகக் குப்புறப் போடுங்கள். கழுத்துக்குப் பலம் வரும், ஒரே பக்கம் படுத்துத் தலை தட்டையாவதும் குறையும். தூங்குவது மட்டும் எப்போதும் மல்லாந்துதான். கழுத்தை நிமிர்த்துகிறேன் என்று தலையணையோ சுருட்டிய துணியோ அண்டக் கொடுக்காதீர்கள், மூச்சு முட்டும் ஆபத்து இருக்கிறது.

3 மாதத்துக்குள் தொடங்கினால் பலன் சீக்கிரம் தெரியும். மாதக்கணக்கில் ஒழுங்காகச் செய்தும் 1 வயதுக்கு மேல் இறுக்கம் விடவில்லை என்றால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள், அது சிலருக்குத்தான் தேவைப்படும். சரியான பிறகும் நடக்கத் தொடங்கும் சமயத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நேற்றுவரை நன்றாக இருந்த பெரிய குழந்தைக்குத் திடீரென்று கழுத்து கோணினால் அது வேறு கதை. வெறும் தசைப்பிடிப்பாக இருக்கலாம், ஒரு மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கலாம், பார்வைக் கோளாறால் தலையைச் சாய்த்துப் பார்க்கிற பிள்ளைகளும் உண்டு. ஆனால் காய்ச்சல், விழுங்க முடியாமல் எச்சில் வழிதல், மூச்சுத் திணறல், விழுந்து அடிபட்டது, விடாத தலைவலியோடு வாந்தி, நடை தள்ளாடுதல், கை கால் பலவீனம், இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் வீட்டில் எதையும் தடவிப் பார்க்காமல், கழுத்தை அசைக்காமல், உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.