கன்டெய்னர் போனாலும் பிளகின் போகக்கூடாது

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்காகப் பழைய கணினி ஒன்றில், டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) மூலம் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கு ஒரு சர்வர் நடத்துகிறேன். கோயமுத்தூரிலிருந்து விடுமுறைக்கு வரும் அத்தை பிள்ளைகளும் அதில்தான் விளையாடுவார்கள். ஒருமுறை அந்தப் பெட்டியை, அதாவது கன்டெய்னரை, நீக்கிப் புதிதாக உருவாக்கினேன். உள்ளே போட்டிருந்த பிளகின்கள் (சர்வருக்குக் கூடுதல் வசதி தரும் சிறு நிரல்கள்) எல்லாம் அதோடு போய்விட்டன. பிள்ளைகளின் முகம் வாடியதை இன்னும் மறக்கவில்லை.

எனவே பிளகின், மாட் (விளையாட்டையே மாற்றும் நிரல்), விளையாட்டு உலகக் கோப்புகள் மூன்றையும் கணினியிலுள்ள ஒரு ஃபோல்டரில் வைத்து, அதை வால்யூமாக (கன்டெய்னருக்கு வெளியே இருக்கும் சேமிப்பிடமாக) இணைத்துவிடுங்கள். மைன்கிராஃப்ட் சர்வர் வகைகளில் பேப்பருக்குப் பிளகின், ஃபேப்ரிக்குக்கு மாட். மாற்றிப் போட்டால் ஓடாது.

பிளகினின் புதிய பதிப்பைப் போடும்போது, அதன் பழைய ஜார் கோப்பை (.jar என முடியும் பிளகின் கோப்பை) எடுத்துவிடுங்கள். ஒரே பிளகினின் இரண்டு ஜார்கள் கிடந்தால் சர்வர் குழம்பும். எதையும் மாற்றுமுன் சர்வரை நிறுத்தி, ஃபோல்டரை நகலெடுங்கள். நிறுத்துவதிலும் கவனம் தேவை: டாக்கர் வழக்கமாக 10 விநாடிதான் பொறுக்கும், பிறகு வலுக்கட்டாயமாக அணைத்துவிடும். பெரிய உலகம் சேமிக்கப்பட அது போதாது, 60 விநாடியாக்குங்கள். ஒவ்வொரு பிளகினாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் லாகை (சர்வர் எழுதிவைக்கும் பதிவை) படியுங்கள். எது கெடுத்தது என்று உடனே தெரிந்துவிடும்.